பிள்ளைகளின் கண்ணும் பகல் வெளிச்சமும்: கிட்டப்பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு முதல் தடவையாகக் கண்ணாடி எழுதிக் கொடுத்ததும் வீட்டில் பழி விழுவது மொபைல் மேல். அடுத்தது டிவி. அதற்கப்புறம் அப்பா வழியா, அம்மா வழியா என்ற வழக்கு. பிள்ளை பகலில் எவ்வளவு நேரம் வெட்டவெளியில் இருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கடந்த இருபது வருட ஆராய்ச்சியில் நாம் மாற்றக்கூடிய காரணங்களில் மிக உறுதியான ஆதாரம் கிடைத்திருப்பது அதற்குத்தான். பெற்றோர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு, தெரிந்தவரை விளக்கமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கிட்டப்பார்வை என்றால் கண்ணில் என்னதான் கோளாறு?

பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண் தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்துவிடுவதுதான் கோளாறு. பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23, 24. முதல் இரண்டு மூன்று வருடம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நீள்கிறது. பிறக்கும்போது கண் குட்டையாக இருப்பதால் ஒளி விழித்திரைக்குப் பின்னால் போய்க் குவியும், அதாவது கொஞ்சம் பிளஸ் பவர் இருக்கும். வளர வளர அந்த பிளஸ் குறைந்து, ஒளி சரியாக விழித்திரை மேல் குவியும் அளவில் கண் நின்றுவிட வேண்டும். நிற்காமல் நீண்டுகொண்டே போனால் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. போர்டில் எழுதியது மங்கும், கையில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும்.

கூடுதலாக 1 மில்லிமீட்டர் நீண்டால் சுமார் 2.5 முதல் 3 வரை மைனஸ் பவர் ஏறும். நீண்ட கண்ணைத் திரும்பக் குறுக்க இன்று வழியில்லை. கண்ணாடி பார்வையைத் திருத்தும், நீளத்தைத் தொடாது. லேசிக்கும் அப்படித்தான்: கருவிழியின் வளைவை மாற்றுகிறது, பின்பக்கம் நீண்டது நீண்டபடியே இருக்கும். மைனஸ் 6ஐத் தாண்டியவர்களுக்கு விழித்திரை இழுபட்டு மெலிந்திருப்பதால், பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், விழித்திரையின் மையப்பகுதி சிதைதல் ஆகியவற்றின் ஆபத்து அதிகம். சோடாபுட்டிக் கண்ணாடி என்று கிண்டல் செய்வது ஒருபுறம் இருக்கட்டும், கண் டாக்டர்களின் கவலை இதுதான்.

எவ்வளவு நீளம் போதும் என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இது தெரிய வந்ததே பாதி தற்செயல். 1977இல் ஹார்வர்டில் டார்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குட்டிக் குரங்குகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி வைத்தார்கள். மூடிய கண் நீண்டு கிட்டப்பார்வை ஆகிவிட்டது. தெளிவான காட்சி கிடைக்காத கண்ணுக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அதன்பின் கோழிக்குஞ்சுகளில் வரிசையாகச் சோதனைகள் நடந்தன. குஞ்சின் கண் முன்னால் மைனஸ் லென்ஸ் ஒட்டினால் கண் நீண்டு அதற்கு ஈடு கொடுக்கும், பிளஸ் லென்ஸ் ஒட்டினால் வளர்ச்சி குறையும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை வெட்டிவிட்டாலும் பெருமளவு இதே நடக்கிறது. மூளையைக் கேட்காமலேயே விழித்திரை தன் பின்சுவருக்கு ‘வளர்’, ‘நில்’ என்று ரசாயனச் சைகை அனுப்புகிறது.

அந்தச் சைகைகளில் ஒன்று டோபமைன். வெளிச்சத்தின் பங்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, வெளிச்சம் அதில் என்ன செய்கிறது?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். டியூப்லைட் போட்ட வீட்டு ஹாலில் 100 முதல் 300 லக்ஸ் இருக்கும். நல்ல வகுப்பறையில் 300 முதல் 500. வெளியே மேகம் மூடிய பகலிலேயே 10,000 வரை போகும். உச்சி வெயிலில் 1,00,000. நம் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் இந்த நூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. ஹாலும் நல்ல வெளிச்சமாகத்தான் தோன்றும். விழித்திரைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் கூடினால் அது டோபமைனைக் கூடுதலாக வெளியிடுகிறது, டோபமைன் கண்ணின் நீளத்துக்குத் தடை போடுகிறது. இப்போதைக்கு வலுவான விளக்கம் இது.

ஆதாரம் என்ன என்றால் மறுபடியும் கோழிக்குஞ்சுதான். 2009இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் ரீகன் ஆஷ்பி, ஃபிராங்க் ஷேஃபல் குழு, கண்ணை மங்கலாக மறைத்த குஞ்சுகளைத் தினமும் சில மணி நேரம் 15,000 லக்ஸ் வெளிச்சத்தில் விட்டது. வர வேண்டிய கிட்டப்பார்வையில் பாதிக்கு மேல் வரவில்லை. அடுத்த வருடம் டோபமைனைத் தடுக்கும் மருந்தைக் கண்ணில் செலுத்தி அதே சோதனையைச் செய்தபோது, வெளிச்சத்தின் பாதுகாப்பு காணாமல் போனது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2011இல் இஸ்ரேலில் நடந்தது. அதில் கண்ணை மறைக்கவே இல்லை. குஞ்சுகளை மூன்று குழுவாகப் பிரித்து 50, 500, 10,000 லக்ஸ் வெளிச்சங்களில் 90 நாள் வளர்த்தார்கள். பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றுதான். 50 லக்ஸில் வளர்ந்தவை சராசரியாக மைனஸ் 2.4 பவருக்குப் போயின. 500இல் கிட்டத்தட்ட பூஜ்யம். 10,000இல் பிளஸ் 1.

குரங்குகளில் படம் இவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவின் ஹியூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணை மறைத்த 18 குரங்குகளில் சாதாரண வெளிச்சத்தில் 16க்குக் கிட்டப்பார்வை வந்தது. தினமும் 6 மணி நேரம் சுமார் 25,000 லக்ஸ் கொடுத்த 8இல் இரண்டுக்கு மட்டும் வந்தது. ஆனால் மறைப்புக்குப் பதில் மைனஸ் லென்ஸ் போட்டுப் பார்த்தபோது அதே வெளிச்சத்தால் பெரிய பலன் இல்லை. அதனால்தான் வெளிச்சத்தின் அளவு மட்டும் போதாது, வெளியில் எல்லாமே தூரத்தில் இருப்பதும், மரம், புல், சுவர் என்று காட்சியில் நுணுக்கம் நிறைந்திருப்பதும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையை வெளியே அனுப்பும் பெற்றோருக்கு இந்தச் சண்டையால் நஷ்டமில்லை. வெளியே போனால் மூன்றும் சேர்ந்தே கிடைக்கும்.

கோழியும் குரங்கும் இருக்கட்டும். மனிதப் பிள்ளைகளிடம் பார்த்தார்களா?

பார்த்தார்கள். முதலில் ஒப்பீடு. ஆஸ்திரேலியாவின் கேத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழு 2008இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் 6, 7 வயது சீன வம்சாவளிப் பிள்ளைகள்தான் அதில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 சதவீதம். பெற்றோரின் பார்வை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் வெளியே இருந்த நேரத்தில்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3 மணி நேரம்.

ஒப்பீடு மட்டும் போதாது. வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு வேறு ஏதோ சாதகம் இருந்திருக்கலாம் அல்லவா? அதற்குத்தான் சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தினமும் 40 நிமிடம் கூடுதலாக ஒரு வெளிப்புற வகுப்பு. மற்ற ஆறில் வழக்கம்போல. மூன்று வருடம் கழித்து, புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் வழக்கமான பள்ளிகளில் 39.5 சதவீதம், வெளியே போன பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015இல் முடிவு வெளியானது. 40 நிமிடத்தால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் இந்த எண் சொல்கிறது. மருந்தோ செலவோ இல்லாமல் 100 பிள்ளைகளில் 9 பேருக்குக் கண்ணாடி தள்ளிப்போனதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இதைச் சோதனையோடு விடாமல் நாடு முழுக்கக் கொண்டுபோனது தைவான். அங்கே வூ பெய்சாங் என்ற கண் மருத்துவர், இடைவேளையில் வகுப்பைக் காலி செய்து எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒரு பள்ளியில் பார்த்தார், பலன் தெரிந்தது. 2010இல் ‘தினமும் வெளியில் 120 நிமிடம்’ என்ற திட்டம் தொடங்கியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பார்வை குறைந்தவர்களின் பங்கு 2001இல் சுமார் 35 சதவீதமாக இருந்து 2011இல் 50ஐத் தொட்டிருந்தது. அதன்பின் ஆண்டுதோறும் இறங்கி 2015இல் 46 ஆனது. மேலேயே போய்க்கொண்டிருந்த கோடு திரும்பியது.

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கண்ணாடி. பரம்பரை என்றால் வெளிச்சம் என்ன செய்யும்?

பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை என்றால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல், மரபணுக்களும் நூற்றுக்கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மரபணு இரண்டு தலைமுறையில் மாறாது. அலாஸ்காவின் பாரோ என்ற ஊரில் 1969இல் வெளியான ஆய்வில், பனிவெளியில் வேட்டையாடி வளர்ந்த மூத்த தலைமுறை இனுவிட் மக்களிடம் கிட்டப்பார்வை அபூர்வம். பள்ளிக்கூடம் போன அவர்களின் பேரப்பிள்ளைகளில் பாதிக்கு மேல் கிட்டப்பார்வை.

நமக்குப் பக்கத்து உதாரணம் சிங்கப்பூர். அங்கே இந்திய வம்சாவளியினரில் பெரும்பான்மை தமிழர்கள். 1990களின் கடைசியில் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, வந்த 15,000 இளைஞர்களைப் பரிசோதித்ததில், இந்திய வம்சாவளியினரில் சுமார் 69 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சீனர்களில் 82, மலாய்க்காரர்களில் 65. டெல்லியில் எய்ம்ஸ் மருத்துவர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில் 13 சதவீதம்தான். அவர்கள் வயதில் சின்னவர்கள், அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ‘இது கிழக்காசியர்களின் வியாதி, நமக்கு வராது’ என்று சொல்பவர்களுக்கு சிங்கப்பூர்தான் பதில். அதே டெல்லி ஆய்வில் தினம் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடிய பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவாக இருந்தது.

குழந்தை தூங்கும்போது சீரோ வாட் பல்ப் எரிந்தால் கண் கெடும் என்கிறார்களே?

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1999இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 479 பிள்ளைகளின் பெற்றோரிடம், குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை இரவில் எப்படித் தூங்க வைத்தீர்கள் என்று கேட்டார்கள். இருட்டில் தூங்கியவர்களில் 10 சதவீதம், இரவு விளக்கில் தூங்கியவர்களில் 34 சதவீதம், அறை விளக்கே எரிய விட்டுத் தூங்கியவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. உலகமெங்கும் செய்தியானது, தாய்மார்கள் விளக்கை அணைத்தார்கள்.

அடுத்த வருடமே அதே இதழில் ஒஹையோவிலிருந்தும் பாஸ்டனிலிருந்தும் இரண்டு குழுக்கள் தங்கள் கணக்கை வெளியிட்டன. அப்படி ஒரு தொடர்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று: கிட்டப்பார்வை உள்ள பெற்றோர்தான் குழந்தையின் அறையில் அதிகம் விளக்கெரிய விடுகிறார்கள். ராத்திரி எழுந்தால் அவர்களுக்குக் கண் தெரிய வேண்டுமே! முதல் ஆய்வு பெற்றோரின் பார்வையைக் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைக்கு வந்தது பெற்றோரிடமிருந்து, பழியைச் சுமந்தது பல்ப்.

ஆக, சின்ன இரவு விளக்கால் கிட்டப்பார்வை வரும் என்று பயப்பட வேண்டாம். அறை முழுக்க விளக்கைப் போட்டுத் தூங்க வைப்பது வேறு விஷயம். அது தூக்கத்தைக் கெடுக்கும். இருட்டே இல்லாமல் 24 மணி நேரமும் வெளிச்சத்தில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளின் கருவிழி தட்டையாகி, கண் ஒழுங்காக வளர்வதில்லை என்பதும் தெரிந்ததே. பகலில் நிறைய வெளிச்சம், இரவில் இருட்டு என்பதுதான் கண்ணுக்குப் பழக்கமான ஏற்பாடு.

‘லைட்டைப் போட்டுட்டுப் படி’ என்று அம்மா திட்டுவது சரியா?

அம்மா சொல்லும் காரணம் முழுக்கச் சரியில்லை, சொல்வது சரி. மங்கிய வெளிச்சத்தில் ஒரு நாள் படித்தால் கண் சோர்ந்து வலிக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நாள் முழுவதும், வருடக்கணக்காக, மங்கிய அறைகளிலேயே ஒரு பிள்ளை வளர்வதுதான் பிரச்சினை.

இதை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஹெர்மன் கோன். 1860களில் ப்ரெஸ்லாவ் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும், இன்று அது போலந்தில் இருக்கிறது, 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து 1867இல் வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை மிகக் குறைவு. நகரத்தில் வகுப்பு ஏற ஏற அதுவும் ஏறியது. தெரு குறுகலாகவும் எதிர்க்கட்டடம் உயரமாகவும் வகுப்பறை கீழ்த்தளத்திலும் இருந்த பள்ளிகளில் இன்னும் அதிகம் என்று எழுதினார். பெரிய ஜன்னல் வைத்த வகுப்பறைகளுக்காக அவர் வாதாடினார். பிற்காலத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னலைச் சாத்தி, ஸ்கிரீன் போட்டு, ஏசியையும் ஸ்மார்ட் போர்டையும் வைத்த இன்றைய வகுப்பறைகளை அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது மொபைல் குற்றவாளி இல்லையா?

அப்படிச் சொல்லவில்லை. கண்ணுக்கு மிக அருகில் வைத்து, நிறுத்தாமல் மணிக்கணக்கில் பார்ப்பது, அது புத்தகமானாலும் மொபைலானாலும், கிட்டப்பார்வையோடு சேர்ந்தே காணப்படுகிறது. தைவானும் சிங்கப்பூரும் மொபைல் வருவதற்கு முன்பே கண்ணாடி தேசங்கள் ஆகிவிட்டன என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மொபைலின் பெரிய பாவம், அது பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைப்பது.

கொரோனா காலத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. சீனாவின் ஷாண்டாங் மாகாணத்தில் ஃபெய்செங் என்ற ஊரில் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து வந்தார்கள். 2015 முதல் 2019 வரை 6 வயதுப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை 5.7 சதவீதத்தைத் தாண்டியதில்லை. சில மாதம் வீட்டிலேயே அடைந்து கிடந்த பிறகு, 2020இல் 21.5 சதவீதம். கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமல் எடுத்த அளவு என்பதால் கொஞ்சம் கூட்டிக் காட்டியிருக்கலாம். ஆனாலும் இதே பாய்ச்சல் 9 வயது முதல் 13 வயது வரையுள்ளவர்களிடம் இல்லை, அவர்கள்தான் ஆன்லைன் கிளாஸில் அதிக நேரம் உட்கார்ந்தவர்கள் என்றாலும்! சின்ன வயதுக் கண்தான் இந்த மாற்றத்துக்குச் சட்டென்று வளைகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைக் கடையில் சேர்த்து விற்கிறார்களே என்றால், கிட்டப்பார்வையைத் தடுக்க அதை வாங்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும்?

2 மணி நேரம். ஒரேயடியாக இருக்க வேண்டும் என்றில்லை. காலையில் பள்ளிக்கு நடந்து போவது 15 நிமிடம், இடைவேளை 15, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் 20 என்று சேர்ந்தாலும் கணக்குதான். ஓடி விளையாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சிட்னி ஆய்வில் உள்ளரங்க விளையாட்டால் பலன் இல்லை. வெளியே சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் பலன் இருந்தது. பேட்மிண்டன் கோச்சிங் அனுப்புகிறோம் என்று சொல்பவர்கள் கவனிக்க: கூரை போட்ட கோர்ட் இந்தக் கணக்கில் சேராது.

நம்ம ஊர் வெயிலில் 2 மணி நேரமா? பிள்ளை சுருண்டுவிடாதா?

வெயிலில் நிற்க வேண்டாம், நிழலே போதும். இந்தக் கேள்விக்குப் பதில் இருப்பது தெரியாததால்தான் பல வீடுகளில் யோசனை அங்கேயே நின்றுவிடுகிறது. தைவானில் 2018இல் வெளியான ஆய்வில் பிள்ளைகளுக்கு ஒளிமானி மாட்டிவிட்டார்கள். 1,000 லக்ஸுக்கு மேல் போன மிதமான வெளிச்சத்துக்கே பலன் தெரிந்தது. வேப்பமரத்தடியில் நண்பகலில் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். திண்ணை, கோயில் பிராகாரம், அபார்ட்மெண்ட்டுக்குள் கட்டட நிழல் விழும் இடம், எல்லாமே ஹாலைவிடப் பல மடங்கு மேல். சிங்கப்பூரில் அளந்து பார்த்ததில், தொப்பியோ கூலிங் கிளாஸோ போட்டிருந்தாலும் கண்ணுக்குக் கிடைத்த வெளிச்சம் உள்ளே இருப்பதைவிட 11 மடங்குக்குக் குறையவில்லை. தொப்பி போட்டு அனுப்புங்கள், தண்ணீர் பாட்டில் கொடுங்கள், சித்திரை வைகாசியில் 11 மணியிலிருந்து 3 மணிவரை விட்டுவிடுங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், விழித்திரை வெந்துவிடும்.

நம்மிடம் உண்மையான தட்டுப்பாடு வெளிச்சம் அல்ல, நேரம்தான். 4 மணிக்குப் பள்ளி விட்டு, 5 மணிக்கு டியூஷன் உட்கார்ந்தால், வெளியே வரும்போது இருட்டியிருக்கும். தெருவிளக்கு வெளிச்சத்தில் கிரிக்கெட் ஆடினால் உடம்புக்கு நல்லது, இந்த விஷயத்துக்கு உதவாது. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதை நாம் சிரித்துக்கொண்டே பேசிப் பழகிவிட்டோம். பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி என் கருத்தில் அதுதான்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தால் போதாதா? பெரிய எல்.இ.டி. போட்டால்?

ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் ஓரளவு கிடைக்கும், இரண்டு அடி தள்ளினால் மளமளவென்று குறைந்துவிடும். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் சுவரும் கூரையும் கண்ணாடியால் ஆன வகுப்பறையையே கட்டிச் சோதித்தார்கள். வெளிச்சம் நன்றாகவே கிடைத்தது. நம்ம ஊரில் அப்படிக் கட்டினால் பிள்ளைகள் அவிந்துவிடுவார்கள். வீட்டில் விளக்கைக் கூட்டிப் பல ஆயிரம் லக்ஸுக்குக் கொண்டுபோவது கூசும், கரண்ட் பில்லும் எகிறும். மொட்டை மாடி இருக்கும்போது எதற்கு அந்தப் பாடு?

விட்டமின் டி மாத்திரை கொடுத்தால்?

பயனில்லை. வெளியே சுற்றும் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் விட்டமின் டி கூடுதலாக இருக்கும், அதனால் முதலில் அதன் மேல் சந்தேகம் வந்தது. மரபணு வழியாகப் பிறவியிலேயே விட்டமின் டி கூடக் குறைய உள்ளவர்களை ஒப்பிட்டபோது பார்வையில் வித்தியாசம் வரவில்லை. சோதனைச்சாலையில் புற ஊதாக் கதிர் இல்லாத விளக்குகளே குஞ்சுகளைக் காப்பாற்றின. கேரட்டும் அப்படித்தான்: விட்டமின் ஏ குறைபாட்டுக்கு மருந்து, கண் நீள்வதற்கு அல்ல.

என் பிள்ளைக்கு ஏற்கனவே மைனஸ் 2. இனி வெளியே அனுப்பி என்ன பயன்?

வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடுவதில் கெட்டி. வந்த பிறகு ஏறும் வேகத்தைக் குறைப்பதில் அதன் பலன் குறைவு, ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் வெளியே அனுப்புவதை நிறுத்தாமல், வேறு வழிகளைக் கண் டாக்டரிடம் கேட்க வேண்டும். குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் நன்றாகச் சோதிக்கப்பட்டது. ஹாங்காங் ஆய்வில் 0.01 சதவீதத்தைவிட 0.05 சதவீதம் கூடுதலாக வேலை செய்தது. ஓரப்பகுதியில் வேறு பவர் வைத்துச் செய்யும் சிறப்புக் கண்ணாடிகள், இரவில் போட்டுக் காலையில் கழற்றும் காண்டாக்ட் லென்ஸ் என்று இன்று வழிகள் உண்டு. இவை செலவு பிடிக்கும், வருடக்கணக்கில் தொடர வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘முழுப் பவர் போட்டால் கண் பழகிவிடும்’ என்று குறைத்துப் போடச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 2002இல் மலேசியாவில் வெளியான ஆய்வில், அப்படிக் குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது.

சிவப்பு விளக்கு சிகிச்சை என்று விளம்பரம் வருகிறதே?

சீனாவில் பரவியது அது. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைத் தினம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் 3 நிமிடம் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். ஆய்வுகளில் கண் நீள்வது நன்றாகவே குறைந்தது. ஆனால் 2023இல், சில மாதம் அதைப் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது மருத்துவ இதழில் வந்தது. 2024இல் சீன அரசே இந்தக் கருவிகளை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றியது. இணையத்தில் ஆர்டர் போட்டு வாங்கிப் பிள்ளையின் கண்ணில் வைக்கும் பொருள் அல்ல அது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வெளிச்சம் கெடுதலா?

குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரும் நோய் வரலாம். ஐ.சி.யு. விளக்குகள்தான் காரணமோ என்று ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வெளிச்சத்தை வடிகட்டும் கண்மூடி போட்டுச் சோதித்து 1998இல் முடிவு சொன்னார்கள்: நோயில் வித்தியாசம் இல்லை. முக்கியக் காரணம் குறைப்பிரசவமும் ஆக்சிஜனும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை அவசியம். தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம்.

வயிற்றிலிருக்கும்போதே வெளிச்சம் கண்ணை வடிவமைக்கிறதா என்றால், சுண்டெலிகளில் ஆமாம். சின்சினாட்டியில் ரிச்சர்ட் லேங் குழு 2013இல் காட்டியது: கர்ப்பிணி எலியை முழு இருட்டில் வைத்தால் குட்டியின் கண் ரத்தக்குழாய்கள் ஒழுங்காக அமைவதில்லை. கர்ப்பிணிப் பெண்கள் இதற்காக வெயிலில் போய் நிற்க வேண்டும் என்று இதிலிருந்து யாரும் சொல்லவில்லை.

எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும்?

பள்ளியில் சேர்க்கும்போது ஒரு தடவை, அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, டிவி பக்கத்தில் போய் நிற்பது, போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாம் தெரிந்தால் உடனே போக வேண்டும். பார்வை 6/6 என்று சொன்னாலும் பவரையும் கேட்டு வாங்குங்கள். 6 வயதில் பிளஸ் 0.75க்குக் கீழே இறங்கிவிட்ட பிள்ளைக்குப் பின்னாளில் கிட்டப்பார்வை வர வாய்ப்பு அதிகம் என்று அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்து பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வயதுக்குரிய பிளஸ் கையிருப்பு சீக்கிரம் கரைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் முதலில் வெளியே அனுப்ப வேண்டும்.

இந்த அளவு சரியாகக் கிடைக்க, கண்ணுக்குள் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டுத்தான் பார்ப்பார்கள். கண்ணாடிக் கடையில் மெஷினில் முகத்தை வைத்து இரண்டு நிமிடத்தில் எடுப்பது பிள்ளைகளுக்குப் போதாது. மருந்து விட்டபின் கண்மணி விரிந்து, வெளிச்சம் கூசும், பக்கத்தில் இருக்கும் எழுத்து அன்றைக்குத் தெரியாது, சில மருந்துகளில் மறுநாளும் நீடிக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் போகாதீர்கள்.